நாலோங்கோ தொடாத துணி

அந்த ஓய்வு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது. ஓய்வாம், ஓய்வு! வந்தவர்களுக்கு ஓய்வு. எங்களுக்கு அன்றைக்குத்தான் இடுப்பு ஒடிந்தது.

கம்பாலாவில் லுபாகா குன்றின் சரிவில் செபுன்யா நடத்தும் விடுதியில் நான் சமையல்காரி. பேர் நாக்கிட்டோ. ஆனால் இது என் கதை இல்லை, அங்கே துணி துவைத்த நாலோங்கோவின் கதை. நாலோங்கோ என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவள். கோயிலில் வைத்த பேர் தியோபிஸ்தா. இரட்டை பெற்றவளை யாரும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அதனால் முதலாளியிலிருந்து பாதிரியார் வரைக்கும் அவள் நாலோங்கோதான்.

ஆள் நல்ல உயரம். தோள் அகலம். இடி விழுந்தாலும் நிதானமாகத்தான் திரும்பிப் பார்ப்பாள். புருஷன் சரக்கு வண்டி ஓட்டப் போகிறேன் என்று கிகாலி பக்கம் போனவன், போனவன்தான். அங்கே இன்னொரு வீடு வைத்திருக்கிறான் என்று வந்து சொன்னவர்களிடம், "அங்கயாவது கூரை ஒழுகாம பார்த்துக்கச் சொல்லுங்க" என்றாளே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வஸ்வா, கட்டோ இரண்டு பையன்களையும் மசாக்கா ஊர் விடுதிப் பள்ளியில் போட்டுத் துணி துவைத்தே படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் துவைப்பதைப் பார்க்க வேண்டும். துணியோடு பேசுவாள். சட்டைக் காலரைப் பிடித்து, "ஏன்டா, இது கழுத்தா, சட்டி அடியா? ஆத்தா உனக்குக் குளிக்கக் கத்துக்குடுக்கலையா?" என்று திட்டித் திட்டிக் கசக்குவாள். ஈரத் துணியில் ஈ முட்டை வைத்துவிடும், உடம்பில் பட்டால் புழு ஏறிவிடும் என்று கைக்குட்டைக்குக்கூடக் கரி போட்ட பெட்டியால் இஸ்திரி தேய்ப்பாள். குன்றின் மேல் இருக்கும் கன்னியாஸ்திரிகள் அவளைத் தங்கள் மடத்து வேலைக்கு இழுக்கப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. செபுன்யா கேட்ட நேரத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் தருவார், அது ஒன்றுதான் காரணம். வேறு நல்ல குணம் ஏதாவது அவரிடம் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

உள்ளாடையை மட்டும் அவள் தொடமாட்டாள். அவள் மட்டுமா? எங்கள் ஊரில் மானமுள்ள எவள் தொடுவாள்? அவரவர் ஜட்டியை அவரவர் குளிக்கும்போதே கசக்கி, அறைக்குள் ஒரு துண்டுக்கு அடியில் காய வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து அத்தை சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். கூலிக்குத் துவைக்கிறவளிடம் அதைப் போடுவதும் அவள் மூஞ்சியில் துப்புவதும் ஒன்று. விடுதி அறைகளில் இதற்கென்று ஒரு அட்டையே தொங்கும், 'உள்ளாடைகளைத் தயவுசெய்து நீங்களே துவைத்துக்கொள்ளவும்' என்று. மாணவர் கூட்டம் வருவதற்கு முதல் நாள் செபுன்யா அத்தனை அட்டையையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நாலோங்கோவின் அண்ணன் மகளுக்குச் சம்பந்தம் கூடியிருந்தது. சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மாப்பிள்ளையைப் பெண் வீட்டுச் சபையில் அறிமுகம் செய்யும் சடங்கு. அதில் தகப்பன் சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எல்லாம் அத்தைதான். பந்தல் நிறைந்த ஆண்களுக்கு நடுவே போய், "இதோ, நான் கூட்டி வந்தவர் இவர்" என்று மாப்பிள்ளைக்கு அவள் பூ குத்தினால்தான் அது கல்யாணம். அத்தை பேர் கெட்டால் பெண்ணின் பேர் கெட்டது.

கெடுப்பதற்கு ஒருத்தி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எபுலான்சி, மாப்பிள்ளையின் அத்தை. எங்கள் விடுதிக்கு எதிரே அன்னாசியும் பலாச்சுளையும் விற்கிறவள். அவள் தன் சிநேகிதி மகளை மருமகனுக்குப் பார்த்து வைத்திருந்தாள், பையன் கேட்கவில்லை. அன்றிலிருந்து நாலோங்கோவிடம் ஒரு குறை கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாணவர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து இறங்கினார்கள். ஏதோ பனி விழும் நாடு. பொதுச் சுகாதாரம் படிக்கிறார்களாம். மூன்று வாரம் வடக்கே கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். புதன்கிழமை ஓய்வு, வியாழன் விடியற்காலம் மலைப் பக்கம் போகிறார்கள். கூட்டி வந்தவள் பிர்கிட்டா என்ற பேராசிரியை. கெட்டவள் இல்லை, ஆனால் எதிரில் வருகிறவரையெல்லாம் கட்டிப்பிடிக்கிறவள். என்னையும் பிடித்தாள். நான் கையில் மீனோடு நின்றேன், அதைக்கூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் துவைக்கும் இடத்தில் கருப்புப் பிளாஸ்டிக் மூட்டைகள் மலையாகக் கிடந்தன. செபுன்யா டையெல்லாம் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நாலோங்கோ, சாயங்காலத்துக்குள்ள எல்லாம் மடிச்சு வந்துரணும். விடிஞ்சா கெளம்புறாங்க."

அவள் முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். அப்பப்பா! பத்தடி தள்ளிக் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கே மூக்கைப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஈரத்தோடு கட்டிப் போட்ட துண்டு பச்சை பூத்திருந்தது. காலுறைகள் கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தன. அதற்குள்ளேயே உள்ளாடைகள், ஆணுடையதும் பெண்ணுடையதும் ஒன்றோடு ஒன்று சுருண்டு, மூன்று வாரத்து அழுக்கோடு. வெளியில் சொல்லக்கூடாத கறையெல்லாம் இருந்தது. கூடப் படிக்கிற பையன்களின் துணியோடு அதைப் போட ஒரு பெண்ணுக்கு எப்படி மனசு வரும்? சீ!

நாலோங்கோ ஒரு குச்சியை எடுத்து, ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"என்ன ஐயா இது?"

"துணி."

"துணி எனக்குத் தெரியும். இது ஜட்டி."

"ஜட்டியும் துணிதானே நாலோங்கோ."

"அப்ப உங்களுதையும் கொண்டாந்து போடுங்க. உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

செபுன்யா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாத் துணியும் தொவைச்சுத் தர்றோம்னு நான் ஒத்துக்கிட்டேன். வருஷா வருஷம் வர்ற கூட்டம் இது."

"அதனால என்ன? ஒரு வார்த்தை சொல்லுங்க. கொழா இருக்கு, சோப்பு நான் தர்றேன். ஆளுக்கு அஞ்சு நிமிஷ வேலை. சின்னப் புள்ளைங்க, சொன்னா செய்வாங்க."

"சொன்னா என்ன நெனப்பாங்க? ஒரு ஜட்டி தொவைக்கிறதுக்கு இவ்ளோ சாங்கியமான்னு சிரிக்க மாட்டாங்க? அடுத்த குன்றுல நாலு விடுதி வாயத் தொறந்துகிட்டு நிக்குது. என் பொழப்புல மண்ணப் போடாதே."

"சனிக்கெழம நான் சபையில நிக்கணும் ஐயா. ஊரான் ஜட்டி கசக்குன கையால எம் பொண்ணு கையப் புடிச்சுக் குடுக்க மாட்டேன்."

"அப்ப வேற எடம் பார்த்துக்க. பசங்க பள்ளிக்கூடத்துக்கு நீயே பதில் சொல்லிக்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலோங்கோ மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொட்டி, குச்சியாலேயே உள்ளாடைகளைத் தள்ளித் தள்ளி ஒரு சாக்கில் சேர்த்தாள். சாக்கைக் கொண்டுபோய் முதலாளி அறை வாசலில் வைத்தாள். திரும்பி வந்து சட்டை, கால்சட்டைகளை ஊற வைத்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அன்று பூராவும் துணியைத் திட்டவே இல்லை.

"அக்கா, நெசமாவே நிறுத்திட்டா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"மடத்துல கேக்கலாமா?"

"மடத்துல போன மாசமே வேற ஆளு போட்டாச்சு, நாக்கிட்டோ. என்னைப் பேச வைக்காதே, அழுதுருவேன்."

அவள் வாயில் அழுகை என்ற வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன்.

செபுன்யா சாக்கோடு அலைய ஆரம்பித்தார். முதலில் என்னிடம் வந்து பல்லை இளித்தார். "ஐயா, இந்தக் கையாலதான் உங்களுக்கு நிலக்கடலைக் குழம்பு ஊத்துறேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்றேன். யோசித்தார். போய்விட்டார். அடுத்து வாசல் காவலாளி ஒப்பியோ. அவன் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, திருடன் வந்தா சாகுறேன்னுதான் வேலைக்குச் சேரும்போது ஒத்துக்கிட்டேன். இதுக்கு ஒத்துக்கல" என்றான். கீழே சந்தையில் துணி துவைக்கும் பையன்களிடம் கொடுத்தனுப்பினார். போன சாக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. அவர்கள் அதற்கு ஒரு முடிச்சு அதிகமாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

சாக்கு இப்படி வாசல் வழியாகப் போய் வந்ததில் எபுலான்சிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. நாலோங்கோ தண்ணீர் லாரிக்காக வாசலுக்குப் போனபோது பிடித்துக்கொண்டாள்.

"என்ன சம்மந்தி, இன்னிக்கி ரொம்ப வேலையோ? வெள்ளக்காரப் பசங்க சாமானெல்லாம் உங்க கையிலதானாமே?"

"சட்டை தொவைக்கிறேன்."

"சட்டை மட்டுமா? சாக்குல போனது சட்டை மாதிரி தெரியலையே. சும்மா சொல்லுங்க, நமக்குள்ள என்ன! பொண்ணுக்கு நீங்க என்ன சொல்லிக்குடுத்திருப்பீங்கன்னு எங்க வீட்டுப் பெரியவங்களும் தெரிஞ்சுக்கணுமில்ல?"

"நான் தொடல, எபுலான்சி."

"தொட்டீங்களா தொடலையான்னு சாயங்காலம் தெரிஞ்சுரும். நான் எங்க போறேன்? இங்கதான் உக்காந்திருக்கேன்."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பலாப்பழத்தைத் தூக்கி அவள் தலையிலேயே போடலாம் போல இருந்தது.

உள்ளே வந்தால் அங்கே வேறு கூத்து. ஓய்வு நாள் அல்லவா? முற்றத்துப் புல்லில் மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுப் படுத்துக் கிடந்தார்கள். ஒருவன் சாப்பாட்டு மேஜையில் காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டினான். வெட்டிய நகம் உப்புக் கிண்ணத்தில் போய் விழுந்தது. அதைச் சுண்டிவிட்டுக் கிண்ணத்தை மூடி வைத்தான், பெரிய ஒழுங்கு! ஒரு பெண் கடலை வெண்ணெயைக் கரண்டியால் எடுத்து நக்கி நக்கி, அதே கரண்டியை மறுபடி ஜாடிக்குள் விட்டாள். இன்னொருத்தி வெறுங்காலோடு அடுப்படிக்குள் வந்து, தரையில் வாழை இலை மூடி வைத்திருந்த வாழைக்காய் மட்டோகே பானையை ஒரே தாண்டாகத் தாண்டிப் போனாள். சாப்பிடுகிற பண்டத்தை! பிறகு என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்து, "இந்த இடம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அந்தப் பானையைப் பின்பக்கம் கொண்டுபோய் ஒப்பியோவின் நாய்க்குப் போட்டுவிட்டு, திரும்ப உட்கார்ந்து வாழைக்காய் சீவினேன். இருபது பேருக்கு.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் களி கிண்டத் துடுப்பைத் தேடினால் காணோம். கை நீளத்துக்கு மரத் துடுப்பு அது, எங்கே போகும்? வெங்காயம் எடுக்கச் சாமான் அறைப் பக்கம் போனபோது, அதை ஒட்டிய பழைய குளியலறைக்குள் சளக் சளக் என்று சத்தம். கூடவே கோயில் பாட்டை யாரோ மெதுவாக முனகுகிறார்கள். கதவு தாழிட்டிருந்தது, ஆனால் ஒரு பலகை உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

பார்த்திருக்க வேண்டாம். செபுன்யா டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஒரு அண்டா முன்னால் குந்தியிருந்தார். அண்டா நிறைய நுரை. நுரைக்குள் அந்தச் சாக்குச் சமாசாரம் மொத்தமும். அதை அவர் கிண்டிக்கொண்டிருந்தது என் களித் துடுப்பால்!

"ஐயோ என் துடுப்பு!" என்று கத்திவிட்டேன்.

அவர் துள்ளி எழுந்ததில் அண்டா ஆடியது. கதவைத் திறந்து என் வாயைப் பொத்த வந்தார், அந்தக் கையோடு. நான் பின்பக்கமாகவே பத்தடி ஓடினேன்.

"கத்தாதே நாக்கிட்டோ! உன் கால்ல விழுறேன். வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள நான் தலகாட்ட முடியாது."

"பக்கத்துல வராதீங்க! அதை வெச்சு நான் இனிமே களி கிண்டி யாருக்குப் போடுறது?"

"வேற துடுப்பு வாங்கித் தர்றேன்."

"ஐயா, அந்த வெள்ளக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பயந்துகிட்டா இப்படிக் குந்தியிருக்கீங்க?"

அவர் கையிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு விடுதிக்கு முதலாளி, கோயில் சபையில் முன்வரிசை ஆள். 'இது எங்கள் வழக்கம் இல்லை' என்று நாலு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பவில்லை, இதற்குக் கை எழும்பியிருக்கிறது. அழுக்கைப் பார்த்து வந்த அருவருப்பைவிட அவரைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்புதான் அதிகம்.

துடுப்பை நான் தொடவில்லை. ஒப்பியோவை விட்டு இடுக்கியால் எடுத்து வரச் சொல்லி அடுப்பில் வைத்துக் கொளுத்தினேன். அதனால் ஒப்பியோவுக்கும் தெரிந்துவிட்டது. நாலோங்கோவிடம் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "போகட்டும். தொவைச்சாச்சில்ல? இனி நம்மள விட்டுருவாரு" என்றாள். பிறகு அவளுக்கே மனசு கேட்காமல் குளியலறைப் பக்கம் போய், கதவுக்கு வெளியே நின்று, "ஐயா, இஸ்திரி போடாம குடுத்துராதீங்க. புள்ளைங்களுக்குப் புழு ஏறிரும்" என்று சொல்லி, கரிப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு முதலாளி அறையின் சன்னல் வழியாகக் கரிப் புகை வந்தது. ஒப்பியோ அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் முட்டிக்கொண்டான்.

அவள் நினைத்ததுதான் தப்பு. அவர் அவளை விடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். முற்றத்தில் தேநீர். பிர்கிட்டா எல்லாரையும் வட்டமாக நிற்கச் சொன்னாள். எபுலான்சியிடம் அன்னாசி சொல்லியிருந்தார்கள், அவளும் கூடையோடு உள்ளே வந்து நின்றாள், போகவில்லை. மடித்த துணிகள் கூடை கூடையாக வராந்தாவில் இருந்தன. ஒரு கூடையில் உள்ளாடை, அடுக்கி, தேய்த்து, பத்திரம் மாதிரி மடித்து. அதை மூடிக்கூட வைக்கவில்லை அந்த மனுஷன்.

பிர்கிட்டா பேச ஆரம்பித்தாள். எங்களுக்கும் ஆங்கிலம் புரியும், எபுலான்சிக்கு வியாபார ஆங்கிலம் நன்றாகவே புரியும். மூன்று வாரத்தில் இதுதான் தங்களுக்குச் சொர்க்கம் மாதிரியான நாள் என்றாள். பிறகு நாலோங்கோவைக் கையைப் பிடித்து நடுவட்டத்துக்கு இழுத்தாள்.

"இந்த அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்கள் உள்ளாடைகளைக்கூடத் தன் கையால் துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறார். மற்றவர்கள் மறுப்பார்கள், ஆனால் எங்கள் நாலோங்கோ அதைச் சந்தோஷமாகச் செய்கிறவள் என்று திரு செபுன்யா சொன்னார். எங்கள் அம்மாக்கள்கூட எங்களுக்கு இதைச் செய்ய மாட்டார்கள்!"

மாணவர்கள் சிரித்துக்கொண்டே கூடையைக் காட்டினார்கள். பிர்கிட்டா ஒரு நீலச் சால்வையை நாலோங்கோ தோளில் போர்த்தினாள்.

எபுலான்சியின் முகம் அப்படியே மலர்ந்தது. கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, எங்கள் பாஷையில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் தொடலன்னு சொன்னாங்களே சம்மந்தி, பாவம், மறந்துட்டாங்க போல" என்றாள்.

நான் செபுன்யாவைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது, கத்தியிருப்பேன். அதற்குள் நாலோங்கோ அசைந்தாள்.

சால்வையை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் பிர்கிட்டாவிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு நாலு எட்டு நடந்து போய் செபுன்யாவுக்கு முன்னால் புல்லில் இரண்டு முழங்காலும் பட மண்டியிட்டாள். எங்கள் பெண்கள் பெரியவரை வணங்குகிற வழக்கமான மண்டிதான். கையை மடியில் வைத்துக்கொண்டு, சபையில் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"வேலை செஞ்சதுக்கு நன்றி ஐயா."

வேலை செய்த மனுஷரைக் கண்டால் இதைச் சொல்லாமல் எங்களில் யாரும் தாண்டிப் போக மாட்டோம். சொன்னால் 'ஆகட்டும்' என்று பதிலும், கூடவே பதில் நன்றியும் வந்தே தீரும். பிள்ளைப் பிராயத்திலிருந்து பழகிய வாய், மூளையைக் கேட்டுக்கொண்டு பேசாது. அதுவும் ஒரு பெண் மண்டியிட்டுச் சொல்லும்போது!

"ம்ம், ஆகட்டும்மா" என்றார் செபுன்யா.

"அத்தனையும் சோப்புப் போட்டதுக்கு நன்றி."

"ம்ம், ஆகட்டும்."

"அலசிக் காயப் போட்டதுக்கு நன்றி."

"ஆகட்டும், ஆகட்டும்."

"ஒவ்வொண்ணா இஸ்திரி போட்டு மடிச்சதுக்கு நன்றி."

"ம்ம், நீயும் எனக்குக் கரிப் பெட்டி குடுத்…" என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது.

முதலில் வெடித்தது ஒப்பியோ. கையிலிருந்த தடியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எபுலான்சிக்கு ஒரு நொடி ஆயிற்று. பிறகு, "அட சாமி! மொதலாளியா? இந்தக் கையாலயா? அத்தனை பொண்ணுங்களோடதுமா?" என்று கூவி அன்னாசிக் கூடையைத் தவறவிட்டாள். பழங்கள் புல்லில் உருண்டன. மாணவர்கள் அதைப் பொறுக்க ஓடினார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்று பிர்கிட்டா ஆவலாகக் கேட்டாள்.

செபுன்யாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஆனால் உதட்டில் அந்த இளிப்பு மாறவில்லை. "நன்றி சொல்கிறாள். எங்கள் பெண்கள் ரொம்பப் பணிவானவர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதே இளிப்போடு, அதே குரலில், எங்கள் பாஷையில் குனிந்து அவளிடம், "நாளையிலேர்ந்து இந்த வாசப்படி மிதிக்காதே" என்றார்.

"சரிங்க ஐயா" என்றாள் நாலோங்கோ, தலையைத் தாழ்த்தி.

பிர்கிட்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவளுக்கு. அவள் கை தட்ட ஆரம்பித்ததும் இருபது பேரும் தட்டினார்கள். ஒரு பெண்ணின் சோறு போன இடத்தில் நின்றுகொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாகத் தட்டினார்கள். ஒரு பையன் கைபேசியை நீட்டிக்கொண்டு, இன்னொரு தடவை மண்டியிடச் சொல்லுங்கள், படம் சரியாக விழவில்லை என்றான். தூ என்று அங்கேயே துப்பினேன். யாரும் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவை மண்டி போடணுமாம்" என்று செபுன்யா அவளைப் பார்க்காமலே சொன்னார்.

நாலோங்கோ எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். "அவ்ளோதான் ஐயா. இன்னிக்கி வேலை முடிஞ்சுது" என்றாள். துவைக்கும் இடத்துக்குப் போய்த் தன் சொந்தத் தொட்டிகள் மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கரிப் பெட்டியை அதற்குள் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டாள். நான் பின்னாலேயே வாசல் வரைக்கும் போனேன். மசாக்காவில் இருக்கும் பையன்கள் இரண்டு பேரும்தான் என் கண் முன்னால் நின்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வாசலுக்கு வெளியே செம்மண் சாலையில் எபுலான்சி நின்றிருந்தாள், கூடையில் பாதிப் பழம் இல்லாமல். நாலோங்கோ அவளைத் தாண்டிப் போகப் பார்த்தாள். எபுலான்சி கூடையைக் கீழே வைத்தாள். போகிற வருகிற வண்டிகளுக்கு நடுவில், அந்தப் புழுதியிலேயே, இரண்டு முழங்காலையும் ஊன்றினாள்.

"சனிக்கெழம எத்தனை மணிக்கு நாங்க வரணும், அத்தை?"

நாலோங்கோ தலையில் இருந்த தொட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"பத்து மணிக்கு. லேட்டா வந்தா கதவு தொறக்க மாட்டோம்" என்றாள்.